வள்ளமா வெள்ளமா என்று கேட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவு என்கிற ஏஐயைப் பயன்படுத்த அரசு நிதி உதவி செய்யவேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கள் ஊர்க் கூட்டங்கள் வரைக்கும் வந்துவிட்டது. கொடுக்கவேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகவேண்டும் என்பதில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விடுங்கள். மென்பொருள், மடிக்கணினி, பயிற்சிப் பட்டறை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த இயந்திரம் எழுதித் தருவதைத் தமிழில் வாசித்து, சம்பந்தப்பட்ட ஆளிடம் திரும்பக் கேட்டு, சரிபார்க்கிற மனிதருக்குச் சம்பளம் கொடுங்கள்.

நான் திருகோணமலையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 2005 தொடக்கத்தில், சுனாமி முடிந்த கையோடு, முகாம்களில் பெயர் எழுதும் வேலைக்கு என்று வந்தவள், அப்படியே இருந்துவிட்டேன். மூதூர், வெருகல், கிண்ணியா, குச்சவெளி என்று நாங்கள் போகாத பக்கம் குறைவு. பெண்கள் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகள் சங்கம், மீனவக் குடும்பங்கள், இவர்களோடுதான் வேலை. அலுவலகத்தில் இப்போது முழுநேர ஆட்கள் ஐந்து பேர். முன்பு பதினொரு பேர் இருந்தோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் மாவட்டத்தில் மகாவலி பெருக்கெடுத்து, மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர் வெருகல் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் நின்றது. பாதை இல்லை, பல இடங்களில் மின்சாரம் இல்லை, ஆனால் எங்கேயாவது சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்து சனங்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். எழுதத் தெரியாதவர்களும் பேசலாம்தானே. இரண்டு நாளில் எங்கள் போன்களில் நானூறுக்கு மேல் குரல் பதிவுகள். யாருக்கு என்ன வேண்டும், யார் வீட்டில் நடக்கமாட்டாத முதியவர் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு மருந்து முடிந்துவிட்டது, எல்லாம் அதற்குள் இருந்தது. ஐந்து பேர் உட்கார்ந்து கேட்டு எழுதி முடிக்க எத்தனை நாள் ஆகும்?

எங்களோடு தொண்டராக வேலை செய்த தம்பி ஒருவர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர். அவர்தான் குரலை எழுத்தாக்கும் ஏஐ கருவி ஒன்றில் எல்லாவற்றையும் போட்டார். ஒரு இரவுக்குள் முழுவதும் எழுத்தாகி, எக்செல் அட்டவணையாகி, ஊர்வாரியாகப் பிரிந்து வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அந்த இரவு எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2005இல் இதே வேலையை நாங்கள் சிஆர் கொப்பியில் கோடு போட்டு, கை வலிக்க வலிக்க, ஒரு முகாமுக்கு ஒரு கிழமை என்று செய்தோம்.

அடுத்த நாள் காலையில் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். கொட்டியாரக் குடாப் பக்கத்து அம்மா ஒருவருடைய பதிவு. 'எங்கட வெள்ளம் போயிட்டுது, இனி என்ன செய்யிறது' என்று எழுதியிருந்தது. அட்டவணையில் அந்தக் குடும்பத்துக்கு நேரே 'வெள்ளம் வடிந்துவிட்டது, உடனடித் தேவை இல்லை' என்று குறிப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தால் சனங்கள் அப்படியா அழுதுகொண்டு பேசுவார்கள்? பதிவைப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது 'எங்கட வள்ளம் போயிட்டுது'. அவர்களுடைய மீன்பிடி வள்ளம், அதில் கட்டியிருந்த எஞ்சின், வலை, எல்லாம் போய்விட்டது. ஒரு குடும்பத்தின் முழுச் சீவியமும் ஒரு எழுத்து மாறியதால் 'தேவை இல்லை' என்ற வரிசைக்குப் போய்விட்டது.

அதன்பிறகு எல்லாப் பதிவையும் ஒன்றொன்றாகத் திரும்பக் கேட்டோம். வள்ளம் வெள்ளமான இடம் அது ஒன்றுதான் இல்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சில முஸ்லிம் குடும்பங்களில் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். 'பிள்ளைகள் தாத்தா வீட்டில் நிற்கிறார்கள்' என்று ஒரு உம்மா சொன்னது ஆங்கில அறிக்கையில் பாட்டனார் வீடு என்று போயிருந்தது. தேடிப் போனவர்கள் ஒரு கிழவரைத் தேடினார்கள். இன்னொரு இடத்தில் ஊர்ப் பெயரே வேறு ஏதோ சொல்லாக மாறி, அந்தக் குடும்பம் எந்தக் கிராம சேவகர் பிரிவு என்றே தெரியாமல் பட்டியலின் அடியில் கிடந்தது.

கருவி கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. திரும்பக் கேட்டுச் சரிபார்த்ததற்குப் பிறகும் எங்களுக்கு நிறைய நாட்கள் மிச்சம். வெறுந்தாளில் இருந்து எழுதுவதும் எழுதியதைத் திருத்துவதும் ஒன்றல்ல. ஆனால் அந்தத் திருத்தும் வேலைக்கு யாரும் காசு தரவில்லை. எந்தத் திட்டத்தின் வரவு செலவுப் பத்திரத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. நாங்கள் தூக்கத்தை விட்டுச் செய்தோம். இதே கருவியை வைத்திருக்கிற இன்னொரு நிறுவனத்தில், ஆள் குறைந்து, களைத்துப்போய், வந்த பட்டியலை அப்படியே அனுப்பியிருந்தால் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். அதுதான் எனக்குப் பயம்.

ஆள் ஏன் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலையோடு யூஎஸ்எயிட் என்ற அமைப்பே மூடப்பட்டது. நேரடியாக அந்தப் பணம் வாங்காத சிறிய இடங்களும் பாதிக்கப்பட்டன, ஏனென்றால் பெரிய நிறுவனம் வாங்கி, அதில் ஒரு பகுதியைத்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும். அதற்கு முன்னால் 2022 நெருக்கடி. டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்கு ஏறிய அந்த மாதங்களில் பெட்ரோல் இல்லாமல் சைக்கிளில் வெளிக்கள வேலைக்குப் போனோம். இப்படி ஆட்கள் போய்ப் போய், மிச்சம் இருக்கிறவர்களின் தலையில் வேலை கூடிக்கொண்டு வருகிற நேரத்தில்தான் ஏஐ வந்து நிற்கிறது. ஆறு பேர் போன இடத்தை இது நிரப்பும் என்று நினைத்து நிதி கொடுத்தால், அது பெரிய பிழையாகப் போய்விடும். இருக்கிற ஐந்து பேரின் கையை வலுப்படுத்த என்று கொடுத்தால் நிச்சயம் பயன் உண்டு.

சரி, பணம் எப்படி வரும் என்று பார்ப்போம். இந்த வகை உதவியில் நான் கண்டது ஒன்று. பல வருடத்துக்கு முன்னால் ஒரு திட்டத்தில் எங்களுக்கு நான்கு கணினிகள் வந்தன. திறப்பு விழா நடந்தது, பெயர்ப்பலகையும் வைத்தார்கள். மூன்றாவது மாதம் ஒன்றில் வைரஸ், ஐந்தாவது மாதம் ஒன்றின் யூபிஎஸ் போனது, திருத்துவதற்கு என்று ஒரு ரூபாவும் ஒதுக்கப்படவில்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. இரண்டு வருடம் துணி போட்டு மூடி வைத்திருந்தோம், கணக்காய்வுக்கு வரும்போது நான்கும் இருக்கவேண்டும் என்பதற்காக. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் பொருளுக்குக் காசு கொடுப்பது லேசு, பற்றுச்சீட்டு இருக்கும், படம் எடுக்கலாம். ஓர் ஆளின் நேரத்துக்குக் காசு கொடுப்பதற்குத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். ஏஐ விஷயத்திலும் அப்படியே நடக்கப் போகிறது என்று எனக்குப் படுகிறது, பொருளுக்குப் பதிலாகச் சந்தா. மாதம் 20 டொலர் என்று ஒரு கணக்கு, எங்கள் காசில் ஆறாயிரம் ரூபா அளவில் வரும், அதை ஒரு வருடத்துக்குக் கட்டித் தருவார்கள். பதின்மூன்றாவது மாதம் என்ன செய்வது?

மற்ற நாடுகள் எப்படிச் செய்கின்றன என்று ஓரளவு வாசித்துப் பார்த்தேன். கனடா 2024 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவுக்கு என்று 240 கோடி கனேடிய டொலர் அறிவித்தது. அதில் 200 கோடி கணினி வலுவுக்கே போகிறது, நிறுவனங்கள் பயன்படுத்தத் தொடங்குவதற்கு என்று பிராந்திய முகவர் நிலையங்கள் வழியாக ஒதுக்கியது 20 கோடி. என் அக்காவின் மகள் ஸ்காபரோவில் முதியோருக்கு உதவும் ஒரு சங்கத்தில் வேலை செய்கிறாள். 'சித்தி, எங்களுக்கும் கருவி இருக்கு, ஆனா தமிழ் அம்மாக்கள் பேசுறதை அது எழுதினா நான்தான் இருந்து திருத்தவேணும்' என்று அவள் சொன்னபோது, அங்கேயுமா என்றுதான் எனக்கு முதலில் வந்தது. இந்தியா 2024 மார்ச்சில் 10,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் போட்டு ஒரு தேசிய ஏஐ இயக்கத்துக்கு அனுமதி கொடுத்தது, அங்கேயும் பெரிய பங்கு கணினி வலுவுக்கும் புதிய கம்பனிகளுக்கும்தான்.

எனக்குப் பிடித்தது ஹொங்கொங் செய்தது. 2018இல் 100 கோடி ஹொங்கொங் டொலரில் ஒரு நிதி தொடங்கினார்கள். அது ஏஐக்கு என்று வந்த நிதி அல்ல, முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிக்கிற இடங்கள் தொழில்நுட்பப் பொருட்களை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ என்று கொடுத்தது. வாடகைக்கு எடுக்கலாம் என்ற அந்த ஒரு வழி எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள். எடுத்துப் பார்க்கலாம், எங்கள் ஆட்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு திட்டத்துக்குப் பணம் வாங்கிவிட்டு 'இது எங்களுக்குச் சரிவரவில்லை' என்று அறிக்கையில் எழுத எந்த நிறுவனத்துக்குத் தைரியம் வரும்? அடுத்த முறை பணம் வராது என்ற பயம். அதனால் சரிவராததையும் வெற்றி என்று எழுதுகிறோம், அதை வாசித்துவிட்டு இன்னும் பத்து இடத்துக்கு அதையே கொடுக்கிறார்கள்.

இனித் தமிழுக்கு வருகிறேன். இதைத்தான் கொழும்பில் இருந்து திட்டம் போடுகிறவர்கள் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். இந்த இயந்திரங்கள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கின்றன, பல சேவைகள் காசு அறவிடுவதும் துண்டுக் கணக்கில்தான். கணினிக்குள் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட், 'கு' என்று எழுதினால் க ஒன்று, உகரக் குறி ஒன்று என்று ஆறு பைட். அதனால் ஒரே சேதியைச் சொல்லத் தமிழுக்குக் கூடத் துண்டு, கூடக் காசு, கூட நேரம். 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் புதிய ஏஐ மாதிரியை (மொடல்) வெளியிட்டபோது, உதாரணத்துக்கு எடுத்த ஒரு பத்தி தமிழில் முன்பு 116 துண்டு, இப்போது 35 துண்டு என்று அவர்களே காட்டினார்கள். அதே பத்தி ஆங்கிலத்தில் முன்பு 27, இப்போது 24. அதாவது அந்தப் புதிய மாதிரி வரும் வரை, ஆங்கிலத்தில் எழுதுகிறவர் கொடுப்பதைப் போல நான்கு மடங்குக்கு மேல் தமிழர் கொடுத்துக்கொண்டிருந்தார். குறைந்தது சந்தோஷம். யாராவது கவனம் எடுத்தால் குறைக்கலாம் என்பதும் அதிலேயே தெரிகிறது.

குரலில் இன்னும் சிரமம். அதே நிறுவனம் 2022 செப்டெம்பரில் விஸ்பர் என்ற குரல் மாதிரியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதைப் பழக்கியது 6,80,000 மணிநேர ஒலியை வைத்து. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட ஆங்கிலம். மிச்சத்தை உலகத்தின் மற்ற மொழிகள் பங்கு போட்டுக்கொண்டன. அந்தச் சிறு பங்கில் இருக்கிற தமிழிலும் எங்கள் வெருகல் தமிழும் கிண்ணியாத் தமிழும் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? செய்தி வாசிக்கிறவரின் தமிழைக் கருவி அழகாக எழுதுகிறது. ஈச்சிலம்பற்று அப்பு ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினால் திணறுகிறது. தொண்டு நிறுவனத்துக்கு வேலை அந்த அப்புவோடுதான்.

அப்புறம் பாமினி. வெளியூர்க்காரருக்கு இது புரியாமல் இருக்கலாம், இலங்கையில் தட்டச்சு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் அலுவலகத்தில் இருபது வருடக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. வெளிக்கள அறிக்கை, சங்கக் கூட்டக் குறிப்பு, சுனாமி வீட்டுத் திட்டப் பட்டியல் எல்லாம். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றாமல் எந்த ஏஐயிடம் கொடுத்தாலும் குப்பையாகத்தான் பார்க்கும். மாற்றுவதற்குக் கருவி இருக்கிறது, இலவசமாகவே இருக்கிறது, ஆனால் அட்டவணைகள் குலையும், ஆங்கிலமும் தமிழும் கலந்த இடம் சிதறும், திரும்பவும் ஓர் ஆள் இருந்து பார்க்கவேண்டும். 'ஏஐ தயார்நிலை' என்று பெரிய பெயர் வைத்து வகுப்பு எடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துச் சங்கங்களைப் பொறுத்தவரை தயார்நிலையின் முதல் படி பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது. இதைச் சொன்னால் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். அந்தச் சின்ன வேலைக்கு ஒரு பிள்ளைக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுத்தால் இருபது வருட அனுபவம் தேடக்கூடியதாக ஆகும்.

இந்த இயந்திரங்கள் இன்று தமிழ் எழுதுகின்றன என்றால் அது வானத்தில் இருந்து விழுந்த தமிழும் இல்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது, அதற்கு அடித்தளம் போட்டவர் எங்கள் நாட்டைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது, ஈழத்துப் பழைய புத்தகம், பத்திரிகை, மலர் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் இராத்திரிகளில் உட்கார்ந்து சனங்கள் செய்த வேலை. இணையத்தில் கிடைக்கிற தமிழை எடுத்துத்தான் இயந்திரம் பழகுகிறது, அந்தத் தமிழில் நல்ல பகுதி இப்படிப்பட்டவர்களின் உழைப்பு. அதனால் தொண்டு நிறுவனங்களுக்கு ஏஐ நிதி என்று பேசும்போது ஏதோ பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடுகிற மாதிரிப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. மூலப்பொருளைக் கொடுத்தவர்களே நாங்கள்தான்.

இன்னொரு விஷயம், இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் பெயர்ப்பட்டியல் என்பது சாதாரணத் தாள் அல்ல. யார் எந்த ஊரில் இருந்து இடம்பெயர்ந்தவர், யாருடைய மகன் காணாமல் போனவர், எந்த வீட்டில் பெண் தனியாக இருக்கிறார், எல்லாம் எங்கள் கோப்புகளில் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் கையில் ஒரு பட்டியலோடு சோதனைச் சாவடியைக் கடந்தவர்களுக்குத் தெரியும், ஒரு தாளைக் கொண்டுபோவதற்கு எவ்வளவு யோசிக்கவேண்டும் என்று. இன்று அதே விபரங்களை இலவசக் கருவி ஒன்றில் ஒட்டிவிட்டு, 'இதைச் சுருக்கித் தா' என்று கேட்கிறோம். அது எந்த நாட்டுக் கணினிக்குப் போகிறது, எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்று ஒட்டுகிற பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புயல் நேரத்தில் நாங்களும் யோசிக்காமல்தான் செய்தோம், அந்த அவசரத்தில் அது சரியா பிழையா என்று இன்றும் எனக்கு மனதில் இருக்கிறது. பிறகு பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எடுத்துவிட்டு, குடும்பத்துக்கு ஓர் இலக்கம் போட்டு, அந்த இலக்கம் யாருடையது என்பதை ஒரு கொப்பியில் மட்டும் வைத்திருக்கப் பழகினோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் நிறைவேறியிருக்கிறது. சுகாதார விபரத்தையும் பிள்ளைகளின் விபரத்தையும் விசேட வகை என்று அது பிரித்து வைத்திருக்கிறது. எங்கள் கோப்பில் பாதி அந்த வகைதான். அதற்கு ஏற்றமாதிரி வேலை செய்யவும் நேரம் வேண்டும், நேரம் என்றால் காசு.

ஆகவே அரசிடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல, தொகை போகிற வழியைத்தான். 2030க்குள் 1,500 கோடி அமெரிக்க டொலர் டிஜிட்டல் பொருளாதாரம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நல்லது. எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு சந்தா, ஒரு மடிக்கணினி என்று பிரித்துக் கொடுப்பதை விட, இரண்டு மூன்று பிரதேசத்துக்கு ஓர் ஆள் என்று போடுங்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த, அந்தப் பக்கத்துப் பேச்சு காதில் ஏறிய, கணினி கையாளத் தெரிந்த பிள்ளை. எங்கள் ஊரில் அப்படிப் படித்துவிட்டு வேலை தேடி அலைகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளை திங்கட்கிழமை மூதூரில் ஒரு மாதர் சங்கத்தோடு, புதன்கிழமை தோப்பூரில் ஒரு முதியோர் சங்கத்தோடு, வெள்ளிக்கிழமை வெருகலில் என்று இருக்கட்டும். கருவியைப் பொதுவாக ஒன்று வாங்கி எல்லோரும் பாவிக்கலாம். அந்த ஆளின் சம்பளம் மூன்று வருடத்துக்காவது உறுதியாக இருக்கவேண்டும், ஏனென்றால் முதல் வருடம் முழுவதும் பாமினியை மாற்றுவதிலும் சனங்களின் நம்பிக்கையைப் பெறுவதிலுமே போய்விடும்.

திரும்பக் கேட்கிற செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இயந்திரம் எழுதியதை உரியவரிடம் வாசித்துக் காட்டி 'நீங்கள் சொன்னது இதுதானா அம்மா' என்று கேட்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு, சில வேளை கிண்ணியாப் பாலம் கடந்து ஒரு பஸ் பயணம். திட்டத்தில் இதற்கு ஒரு வரி வையுங்கள். பட்டியலில் பெயர் வருவதா வராதா என்று தீர்மானிக்கிற எந்த வேலையிலும் இது கட்டாயமாக இருக்கவேண்டும் என்பேன். கூட்டக் குறிப்புச் சுருக்குவது, ஆங்கிலக் கடிதம் எழுதுவது போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை, அங்கே பிழை வந்தால் நாங்களே பார்த்துச் சிரித்துவிட்டுத் திருத்துவோம்.

எங்கள் குரல்களைச் சேகரிப்பது பற்றியும் யோசிக்கலாம். கிழக்கின் பேச்சுத் தமிழை, தமிழர் முஸ்லிம்கள் இரண்டு பேரின் பேச்சையும், சம்மதம் கேட்டு, பேசியவருக்குக் காசு கொடுத்துப் பதிவு செய்தால் இந்த நாட்டுக்கே அது ஒரு சொத்து. சனங்களின் குரல் பதிவுகளைச் சேர்க்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் போன்ற இடங்களில் தமிழுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது, எங்கள் குரல் போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் சிங்களம் தமிழ் மொழிபெயர்ப்புக் கருவிக்கு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. சுற்றறிக்கை சிங்களத்தில் வந்து, எங்கள் கைக்குத் தமிழில் கிடைக்க நாளாவது இன்னும் நடக்கிறது. இந்தப் புயலிலும் நட்டஈட்டு விண்ணப்பம் பற்றி வந்த அறிவித்தல் ஒன்றை ஒரு பிள்ளை போன் கருவியில் மொழிபெயர்த்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது. 'இரண்டு வாரத்துக்குள்' என்று இருக்கவேண்டியது 'இரண்டு வாரத்துக்குப் பின்' என்று வந்திருந்தது. நல்ல வேளை, சிங்களம் தெரிந்த ஒரு ஐயா அன்று மாலையே கண்டுபிடித்துச் சொன்னார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். எந்தத் திட்டத்திலும் அவர் பெயர் இல்லை. நான் கேட்கிற 'சரிபார்க்கும் ஆள்' என்பது அவர்தான், அவருக்குத்தான் சம்பளம் கேட்கிறேன்.

கடைசியாக, இப்படி ஒரு நிதி வருமானால் அதன் விண்ணப்பப் படிவம் தமிழில் இருக்கவேண்டும், தமிழில் நிரப்பினால் ஏற்கப்படவேண்டும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்த நிறுவனங்களுக்கு மட்டும் என்று நிறுத்திவிடாமல், பிரதேச செயலகத்தில் பதிவு செய்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், மீனவர் சங்கம் எல்லாவற்றுக்கும் கதவு திறந்திருக்கவேண்டும். முப்பது பக்க ஆங்கிலப் படிவத்தை ஏஐயிடம் கொடுத்து நிரப்பத் தெரிந்தவருக்குத்தான் ஏஐ நிதி கிடைக்கும் என்றால், அது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே திரும்பப் போகும். இரண்டு பக்கம் போதும். என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே நேரம் போகிறது, யார் சரிபார்ப்பார். இந்த மூன்றையும் எங்கள் வெருகல் அக்காமார் குரல் பதிவிலேயே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கொட்டியாரக் குடா அம்மாவுக்கு இன்னும் வள்ளம் கிடைக்கவில்லை. பெயர் சரியான பட்டியலில் இருக்கிறது, நட்டஈட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால், அமைச்சில் இருந்தோ மாவட்டச் செயலகத்தில் இருந்தோ யாராவது எங்கள் அலுவலகத்துக்கு வந்து அந்தப் பதிவுகளையும் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உரியவர்களிடம் சம்மதம் வாங்கி, பெயரை எடுத்துவிட்டு வைத்திருக்கிறோம். அரை நாள் போதும்.

இப்படிக்கு,
தொண்டு நிறுவனப் பணியாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.